புன்னைக்காயலில் அச்சான புத்தகம் ரோமாபுரியில்! உங்கள் வீட்டுப் புத்தகம், போட்டோ, பத்திரம் எங்கே?

தூத்துக்குடி:

காணாமல் போனது நகை அல்ல. பணம் அல்ல. ஒரு புத்தகம்!

இடம்: புன்னைக்காயல். ஆண்டு: 1586. பக்கம்: 600-க்கு மேல். எழுத்து: தமிழ்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது புன்னைக்காயல். அந்தச் சின்ன ஊரில் 400 வருடங்களுக்கு முன்பே அச்சு யந்திரம் ஓடியது. உலோக எழுத்துக்களைக் கோத்து, மை தடவி, காகிதத்தை வைத்து அழுத்தி எடுத்தார்கள். சென்னையில் வெள்ளைக்காரன் கோட்டை கட்டுவதற்கு இன்னும் 50 வருடத்துக்கு மேல் பாக்கி இருந்தது!

அந்தப் புத்தகத்தை இன்று பார்க்க வேண்டுமா? பஸ் ஏறி புன்னைக்காயல் போனால் கிடைக்காது. ரோமாபுரிக்கு விமானம் ஏற வேண்டும். போப்பாண்டவரின் வாடிகன் நூலகத்தில் அது பத்திரமாக இருக்கிறது.

"எல்லாம் போன்லயே இருக்கு அண்ணாச்சி, இனிமே பேப்பர் எதுக்கு?" என்று கேட்கும் காலம் இது. அப்படிக் கேட்பவர்கள் இந்தப் புத்தகத்தின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

யார் அச்சிட்டது?

அண்டிரிக் அடிகள். முழுப் பெயர் என்றிக்கு என்றிக்கஸ். போர்த்துக்கல் நாட்டுக்காரர். ஏசு சபைத் துறவி. முத்துக்குளித்துறைக்கு வந்து தமிழ் படித்து, தமிழிலேயே எழுதினார். 1600-ல் புன்னைக்காயலில் இறந்தார்.

அவருடைய முதல் அச்சுப் புத்தகம் "தம்பிரான் வணக்கம்". 1578 அக்டோபர் 20-ந் தேதி கொல்லத்தில் அச்சானது. மொத்தம் 16 பக்கம். இந்திய எழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைத்திருக்கும் புத்தகங்களில் மிகப் பழையது இதுதான். எழுத்துக்களைக் கோவாவிலும் கொல்லத்திலும் வார்த்தார்கள். அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தவர்களில் இந்த முத்துக்குளித்துறை மக்களும் உண்டு. கடலுக்குள் மூச்சடக்கிச் சம்பாதித்த காசு!

அடுத்து வந்த பெரிய புத்தகம்தான் புன்னைக்காயலில் அச்சானது. புனிதர்களின் வாழ்க்கை வரலாறு. "அடியார் வரலாறு" என்பார்கள்.

சின்னப் புத்தகம் இப்போது அமெரிக்காவில், ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. பெரிய புத்தகம் ரோமாபுரியில்.

கரையில் என்ன நடந்தது என்பதை ஊகிக்கப் பெரிய துப்பறிவு தேவையில்லை. உப்புக் காற்று. கறையான். மழை. 1658-ல் தூத்துக்குடி போர்த்துக்கீசியர் கையிலிருந்து டச்சுக்காரர் கைக்குப் போனது. சண்டையும் ஆட்சி மாற்றமும் வந்தால் காகிதத்தைக் கவனிக்க யாருக்கு நேரம்?

தேடிப் பிடித்தவர்

இந்த வழக்கைத் துப்புத் துலக்கியவர்களில் முக்கியமானவர் தனிநாயகம் அடிகள். யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில் 1913-ல் பிறந்தவர். தூத்துக்குடி மறைமாவட்டத்தில் குருவாக இருந்தவர். 1948-ல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தைத் தொடங்கினார்.

ஐரோப்பா போனபோது அவர் நூலகம் நூலகமாக ஏறி இறங்கினார். பழைய தமிழ் அச்சுப் புத்தகங்களைப் பற்றி உலகத்துக்கு எழுதினார். 1679-ல் கேரளத்து அம்பழக்காட்டில் அச்சான தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியை வாடிகனில் கண்டார். 1966-ல் அது கோலாலம்பூரில் மறுபடி அச்சாகி வந்தது.

"அடியார் வரலாறு" என்ன ஆனது? ஏசு சபையைச் சேர்ந்த இராசமாணிக்கம் அடிகள் அதைப் பதிப்பித்தார். 1967-ல் தமிழ் இலக்கியக் கழகம் வெளியிட்டது. வெளியிட்ட ஊர் தூத்துக்குடி!

1586-ல் கரையை விட்டுப் போன புத்தகம் 381 வருடம் கழித்து அதே கரைக்குத் திரும்பி வந்தது. எங்கோ ஓர் அலமாரியில் ஒரு பிரதி இருந்தது. அதை எடுத்துத் திறந்ததும் படிக்க முடிந்தது. யந்திரம் வேண்டாம். கரண்டு வேண்டாம். பாஸ்வேர்டு வேண்டாம். கண்ணும் தமிழும் இருந்தால் போதும்.

15 வருடத்தில் செத்த தட்டு

இதற்கு நேர் எதிரான கதை இங்கிலாந்தில் நடந்தது.

1086-ல் இங்கிலாந்து மன்னர் தன் நாட்டில் யாருக்கு எவ்வளவு நிலம், எத்தனை மாடு என்று கணக்கெடுத்தார். தோலில் மையால் எழுதிய அந்தப் புத்தகத்தின் பெயர் "டூம்ஸ்டே புக்". இன்றைக்கும் லண்டனில் இருக்கிறது. இன்றைக்கும் படிக்கலாம்.

அதன் 900-வது ஆண்டு நிறைவுக்காக 1986-ல் பி.பி.சி. ஒரு புதுக் கணக்கெடுப்பு நடத்தியது. சுமார் 10 லட்சம் பேர் கலந்துகொண்டார்கள். போட்டோ, வரைபடம், கட்டுரை எல்லாவற்றையும் லேசர் தட்டுக்களில் ஏற்றினார்கள். அந்தக் காலத்தில் அதுதான் புத்தம்புதிய விஞ்ஞானம்.

நடந்தது என்ன? அந்தத் தட்டைப் போடும் யந்திரம் சந்தையை விட்டே போய்விட்டது. சுமார் 15 வருடத்தில் தட்டு இருந்தது, படிக்க வழி இல்லை! 2002-ல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பாடுபட்டு மீட்டார்கள்.

900 வருடத்துத் தோல் பேசுகிறது. 15 வருடத்துத் தட்டு ஊமையாகிவிட்டது.

"அது இங்கிலாந்துக் கதை" என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டுப் பரணில் கல்யாண வீடியோ கேசட் இருக்கிறதா? அதைப் போட்டுப் பார்க்க டெக் இருக்கிறதா? டெக் செய்துகொண்டிருந்த கடைசி ஜப்பான் கம்பெனி 2016-லேயே நிறுத்திவிட்டது. தாலி கட்டிய காட்சி பரணில் இருக்கிறது, பார்க்கத்தான் முடியவில்லை. ஆனால் அதே கல்யாணத்தில் ஸ்டுடியோக்காரர் எடுத்துக் கொடுத்த ஆல்பத்தை இந்த நிமிஷமே திறந்து பார்க்கலாம்.

ஆகவே, கையில் பிடிக்கக்கூடிய பொருளாக இருந்தால் மட்டும் போதாது. முதல் கேள்வி இதுதான்: கண்ணால் படிக்க முடியுமா, யந்திரம் வேண்டுமா?

காகிதம்தான் சரக்கு!

காகிதத்தின் மதிப்பைத் துறைமுக ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

"பில் ஆஃப் லேடிங்" என்று ஒரு தாள். ஏஜெண்டு ஆபீஸ் குமாஸ்தாக்கள் "பி.எல்." என்பார்கள். கப்பலில் சரக்கு ஏறியதற்கான சீட்டு அது. ஆனால் வெறும் ரசீது அல்ல. அசல் தாள் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே சரக்கு. வழக்கமாக அசல் மூன்று போடுவார்கள். ஒன்றைக் காட்டிச் சரக்கை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் செல்லாது. நடுக்கடலில் கப்பல் போய்க்கொண்டிருக்கும்போதே, இந்தத் தாளைக் கை மாற்றிச் சரக்கை விற்றுவிடலாம்!

இப்போது இதையும் மின்னணுவில் கொண்டுவருகிறார்கள். இங்கிலாந்தில் 2023-ல் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் போடும் நிபந்தனை என்ன தெரியுமா? மின்னணுச் சீட்டு ஒரே சமயத்தில் ஒருவர் வசம்தான் இருக்க வேண்டும். அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டால் கொடுத்தவரிடம் இருக்கக் கூடாது.

வேடிக்கையைப் பாருங்கள்! காகிதத்துக்குத் தானாகவே இருக்கும் குணம் இது. ஒரு தாளை நீங்கள் கொடுத்தால் அது உங்களிடம் இருக்காது. அந்தக் குணத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு நாட்டின் பார்லிமெண்டு சட்டம் போட வேண்டி வந்தது.

நம் நாட்டிலும் 1856-ம் வருடத்துப் பழைய பில் ஆஃப் லேடிங் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதுச் சட்டம் வந்திருக்கிறது.

கப்பல் கம்பெனிக்கு வந்த சோதனை

2017 ஜூன் 27-ந் தேதி உலகின் மிகப் பெரிய கப்பல் கம்பெனிகளில் ஒன்றான மேர்ஸ்க் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் வரிசையாக இருண்டன. "நாட்பெட்யா" என்ற நாசகார வைரஸ்! எந்தப் பெட்டி யாருடையது, எங்கே இறக்க வேண்டும் என்று தெரியாமல் பல நாட்டுத் துறைமுக முனையங்கள் தவித்தன. பம்பாய் பக்கத்து ஜவகர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய முனையமும் தப்பவில்லை.

10 நாளில் 45,000 கம்ப்யூட்டர்களில் எல்லாவற்றையும் புதிதாக ஏற்ற வேண்டி வந்ததாகக் கம்பெனித் தலைவரே பின்னர் சொன்னார். அதுவரை? ஆட்கள் கையால் வேலை பார்த்தார்கள்.

இதில் ஒரு விசேஷம். கம்பெனியின் கம்ப்யூட்டர் வலைக்கு மூலமான பதிவுகள் உலகம் முழுவதும் ஒரே சமயத்தில் அழிந்துபோயின. ஒன்றே ஒன்று மிஞ்சியது. ஆப்பிரிக்காவில், கானா நாட்டு ஆபீசில். ஏன் மிஞ்சியது? வைரஸ் பாயும்போது அங்கே கரண்டு கட்! அதனால் அந்தக் கம்ப்யூட்டர் இணைப்பில் இல்லை. அந்த ஒரு பிரதியை விமானத்தில் கொண்டுபோய்த்தான் கம்பெனியைத் தூக்கி நிறுத்தினார்கள்.

"அடியார் வரலாறு" வாடிகனில் தப்பியதும், மேர்ஸ்க் பதிவு கானாவில் தப்பியதும் ஒரே காரணத்தால்தான். மற்றவை அழிந்தபோது இவை தூரத்தில், தனியாக இருந்தன.

வாங்கியதா, வாடகையா?

இனி நம் கைக்கே வருவோம்.

2009 ஜூலையில் அமெரிக்காவில் பலர் காலையில் எழுந்து "கிண்டில்" கருவியைப் பார்த்தார்கள். காசு கொடுத்து வாங்கிய புத்தகம் காணோம்! ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய "1984", "விலங்குப் பண்ணை" என்ற இரண்டு நூல்கள். விற்ற பதிப்பாளருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், அமேசான் கம்பெனி வாசகர்களின் கருவிக்குள்ளிருந்தே அவற்றை அழித்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பிறகு கம்பெனித் தலைவர் மன்னிப்பும் கேட்டார்.

"1984" எதைப் பற்றிய நாவல்? பழைய பதிவுகளை அரசாங்கம் அழித்துத் திருத்தி எழுதும் கொடுமையைப் பற்றியது!

2019-ல் மைக்ரோசாஃப்ட் கம்பெனி தன் மின்புத்தகக் கடையை மூடியது. வாங்கிய புத்தகங்கள் எல்லாம் படிக்க முடியாமல் போயின. அங்கும் பணம் வாபஸ்.

பழைய புத்தகக் கடைக்காரர் 20 ரூபாய்க்கு விற்ற புத்தகத்தை, ராத்திரி உங்கள் வீட்டுக்குள் புகுந்து எடுத்துப்போக முடியுமா? எடுத்தால் அது திருட்டு. போலீசில் புகார் கொடுக்கலாம். போனில் இருப்பதோ பல சமயம் விற்பனை அல்ல. படிக்க, கேட்க, பார்க்கக் கொடுத்த அனுமதி மட்டுமே. சாவி வேறொருவர் கையில்.

இரண்டாவது கேள்வி இது: சாவி யார் கையில்?

அப்பாவின் போன்

இன்னொரு விஷயம். இது ஒவ்வொரு குடும்பத்தையும் தொடும்.

இரண்டு வருடம் யாரும் பயன்படுத்தாத கூகுள் கணக்கை, அதில் உள்ள போட்டோக்களுடன் சேர்த்து அழிக்கலாம் என்று கூகுள் கம்பெனி 2023-ல் விதி கொண்டுவந்தது. அழிப்பதற்கு முன்னால் எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவார்கள். யாருக்கு? அந்தக் கணக்குக்காரருக்கு.

கணக்குக்காரர் இறந்துபோயிருந்தால்?

அப்பா போனார். காரியம் முடிந்தது. போனை மேஜை இழுப்பறையில் போட்டார்கள். பூட்டு எண் யாருக்கும் தெரியாது. பேரப்பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த படம், துறைமுகத்தில் கூட வேலை பார்த்தவர்களோடு எடுத்த படம், அம்மாவுக்கு அனுப்பிய குரல் பதிவு, எல்லாம் அதற்குள். இரண்டு வருடம் ஓடிவிடும். தெரியக்கூடத் தெரியாது.

தாத்தாவின் படமோ இன்னும் சுவரில் மாலையோடு தொங்குகிறது. அதற்கு யாரும் பாஸ்வேர்டு போடவில்லை.

காகிதமும் சாகும்!

அதற்காகக் காகிதம் சிரஞ்சீவி என்று சொல்ல வரவில்லை.

1981 மே மாதக் கடைசி இரவில் யாழ்ப்பாணம் பொது நூலகத்தைக் கொளுத்தினார்கள். சுமார் 97,000 நூல்கள் சாம்பல். வேறு எங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அதில் போயின. தனிநாயகம் அடிகள் பிறந்த மண் அது. அவர் அதைப் பார்க்கவில்லை. முந்தின வருடமே காலமாகிவிட்டார்.

நம் மாவட்டத்திலும் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டி மீட்டர் மழை! தாமிரபரணி ஊருக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் வெள்ளத்தில் சிக்கினார்கள். கரண்டு இல்லை. செல்போன் கோபுரங்கள் செத்தன. போனில் பணம் இருந்தவர்கள் பால் பாக்கெட்டு வாங்கச் சில்லறை தேடினார்கள். அதே சமயத்தில், பீரோவின் கீழ்த் தட்டில் இருந்த பத்திரமும் சர்ட்டிபிகேட்டும் சேற்றில் ஊறின.

ஆகவே டிஜிட்டல்காரர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. யாழ்ப்பாண நெருப்பு சொல்லிக்கொடுத்த பாடத்தில்தான், 2005-ல் ஈழத்துத் தமிழர்கள் "நூலகம்" என்ற இணையத் திட்டத்தைத் தொடங்கி, பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் படம் பிடித்து ஏற்றி வருகிறார்கள். நம் ஊரிலும் தமிழ் இணையக் கல்விக்கழகம் இந்த வேலையைச் செய்கிறது. ரோமாபுரிக்குப் போக வசதி இல்லாதவர்களுக்கு இதுதான் கதி, நல்ல கதியும்கூட.

ஆனால் படம் பிடிக்க முதலில் ஒரு பொருள் வேண்டும் அல்லவா? காரைக்குடி பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற பெயிண்டர் இருந்தார். போர்டு எழுதிப் பிழைத்தவர். பழைய புத்தகம், நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை வரை வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். 1992-ல் இறந்தார். அவர் சேர்த்ததை 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் விலை கொடுத்து வாங்கிக் காப்பாற்றியது. இன்று சென்னையில் அவர் பெயரில் பெரிய ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அவர் அவற்றைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டிருந்தால், பிறகு எந்தக் கம்ப்யூட்டர் வந்து என்ன பயன்?

மூன்றாவது கேள்வி: எத்தனை இடத்தில் இருக்கிறது?

என்ன செய்யலாம்?

பெரிய செலவு இல்லை. கவனிக்க வேண்டியது இவைதான்:

வீட்டுப் பத்திரத்தின் அசலுக்கு மாற்று இல்லை. கடன் வாங்கப் போனால் பேங்கில் கேட்பது அசல் தாய்ப்பத்திரத்தைத்தான். போனில் உள்ள படத்தை அல்ல. அதைக் கீழ்த் தட்டில் வைக்காதீர்கள். தண்ணீர் ஏறாத உயரத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் வையுங்கள். ஒரு ஜெராக்ஸை வேறு ஊர்ச் சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள்.

சர்ட்டிபிகேட்டை லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு காகிதம் கிழியாமல் பிரிப்பது கஷ்டம்.

கடைகளில் யந்திரம் துப்பும் வழவழப்பான பில் சில மாதத்தில் வெள்ளைத் தாள் ஆகிவிடும். அது மையால் அச்சானது அல்ல; சூட்டில் கறுத்தது. மிக்சி, பேன், பிரிட்ஜ் வாங்கிய பில்லை அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வாரண்டிச் சீட்டோடு சேர்த்து வையுங்கள்.

வருடத்துக்கு ஒரு தடவை, போனில் உள்ள ஆயிரம் படத்தில் இருபதைத் தேர்ந்தெடுத்து ஸ்டுடியோவில் பிரிண்டு போடுங்கள். பின்பக்கம் பெயர், ஊர், வருடம் பென்சிலால் எழுதுங்கள். பெயர் எழுதாத போட்டோ இரண்டு தலைமுறையில் அனாதை.

டெக் கிடைக்கும்போதே பழைய கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகும் கேசட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

போன் பூட்டு எண்ணை ஒரு தாளில் எழுதி, கவரில் ஒட்டி, வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

முத்துக்குளித்த ஊர்

1961-ல் தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது. அதுவரை இந்தக் கரையில் முத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்துத்தான் விலை பேசினார்கள். சொன்ன விலைக்கு யாரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை.

அந்தக் கரைக்காரர்கள்தான் கடலில் சம்பாதித்ததில் ஒரு பங்கைக் கொடுத்துத் தமிழை அச்சில் ஏற்றினார்கள். அவர்கள் பணம் போட்ட புத்தகம் பிழைத்ததற்குக் காரணம், யாரோ ஒருவர் ஒரு பிரதியை எடுத்து வைத்ததுதான். நம் வீட்டுக்கு அந்த "யாரோ ஒருவர்" வேறு ஆள் அல்ல, நாம்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவின் கீழ்த் தட்டைத் திறந்து பாருங்கள். முதலில் பத்திரத்தை மேலே எடுத்து வையுங்கள்!